1% பாக்கெட் இழப்பு வைத்தும் டெஸ்ட் பாஸ், களத்தில் ஃபெயில். ஏன்?

வாசகர் கேள்வி · 4 ஜூன் 2024, காலை 10:12

எங்கள் மொபைல் ஆப்பின் சர்வரை உபுண்டு மெஷினில் ஓட்டி, லினக்ஸின் டிசி கட்டளையில் நெட்எம் (மோசமான நெட்வொர்க்கைச் செயற்கையாக உண்டாக்கும் கருவி) போட்டு 100 மில்லி செகண்ட் தாமதமும் 1 சதவீத பாக்கெட் இழப்பும் (தரவுத் துண்டுகள் வழியில் தொலைவது) கொடுத்து டெஸ்ட் செய்கிறோம். எல்லாம் பாஸ். ஆனால் வெளியே போனதும் ஆப் தொங்குகிறது, சில பதிவுகள் இரண்டு முறை விழுகின்றன. இழப்பை 5 சதவீதம் வரை ஏற்றிப் பார்த்தேன், அப்போதும் பாஸ்தான். நெட்எம் சரியாக வேலை செய்யவில்லையா, நான் தப்பாக வைத்திருக்கிறேனா? டெஸ்ட் ஸ்கிரிப்ட், சர்வர் இரண்டும் ஒரே மெஷினில்தான் இருக்கின்றன.

பதில் · 4 ஜூன், காலை 11:40

உங்கள் கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரே மெஷின் என்றால் எல்லாம் லூப்பேக் (மெஷின் தன்னோடு தானே பேசும் உள்வழி) வழியாகப் போகிறது, அது நிஜ நெட்வொர்க் மாதிரி நடந்துகொள்ளாது.

முதலில் ஒரு பிங் (போய்வரும் நேரத்தைக் காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள். 100 வைத்தால் 200 மில்லி செகண்ட் காட்டும். போகும் பாக்கெட்டும் வரும் பாக்கெட்டும் அதே இன்டர்ஃபேசிலிருந்துதான் வெளியே போகின்றன, எனவே தாமதம் இரண்டு முறை விழுகிறது. இது சின்ன விஷயம், பாதியாகக் குறைத்தால் போதும். பெரிய விஷயம் பாக்கெட்டின் அளவு. லூப்பேக்கின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 65,536 பைட். ஈதர்நெட்டில் 1,500. உங்கள் சர்வர் 50 கேபி பதில் அனுப்பினால் ஈதர்நெட்டில் அது ஏறத்தாழ 35 பாக்கெட்டாக உடையும். 1 சதவீத இழப்பில் அந்த 35இல் ஒன்றாவது தொலைய 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. லூப்பேக்கில் அதே பதில் ஒரே பாக்கெட், தொலைய வாய்ப்பு 1 சதவீதம். நீங்கள் 5 சதவீதம் வைத்தும் ஒன்றும் தெரியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, நெட்எம் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது: அனுப்பும் மெஷினிலேயே இழப்பை வைத்தால் அந்த இழப்பு மேலே இருக்கும் டிசிபிக்கு, அதாவது தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் விதிமுறைக்கு, தெரிந்துவிடலாம், அது உடனே மறுபடி அனுப்பி எதுவும் நடக்காத மாதிரி போய்விடலாம். இழப்பைச் சோதிக்க நடுவில் ஒரு பாலமோ ரவுட்டரோ வைத்து அதில் நெட்எம் போடச் சொல்கிறார்கள். நான் இதைப் படிக்காமலேயே பல மாதம் ஓட்டியிருக்கிறேன்.

4 ஜூன், மதியம் 2:05

மூன்று மெஷின் வேண்டாம். ஒரே லினக்ஸில் மூன்று நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் கொண்ட அறைகள் மாதிரி) உருவாக்குங்கள்: ஒன்றில் கிளையன்ட், ஒன்றில் சர்வர், நடுவில் ரவுட்டர். வீ-ஈத் (மென்பொருளாலேயே ஆன நெட்வொர்க் கேபிள்) ஜோடிகளால் அவற்றை இணைத்துவிடுங்கள், நடுவில் ஐபி ஃபார்வர்டிங்கை (பாக்கெட்டை மறுபக்கம் கடத்துவது) ஆன் செய்யுங்கள். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டைத்தான் தொடும், உள்ளே வருவதைத் தொடாது. அதனால் ரவுட்டரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட வேண்டும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது, போகும் திசைக்கு ஒரு மாதிரி, வரும் திசைக்கு வேறு மாதிரி வைக்கலாம். அந்த வசதி எவ்வளவு முக்கியம் என்று அப்புறம் எழுதுகிறேன், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

4 ஜூன், மாலை 6:30

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வீ-ஈத் போட்டாலும் 64 கேபி (மேலே சொன்ன 65,536 பைட்) பாக்கெட் பிரச்சினை தானாகப் போகாது. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பாக்கெட்டுகளை உடைக்காமல் பெரிய கட்டியாகவே கடைசி வரை கொண்டுபோகும், நெட்வொர்க் கார்டு உடைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். வீ-ஈத்தில் கார்டே இல்லை, கட்டி கட்டியாகவே நெட்எம்முக்கு வந்து சேரும். நெட்எம் தொலைத்தால் முழுக் கட்டியும் தொலையும். ஈத்டூல் கட்டளை கொண்டு இப்படிக் கட்டியாக்கும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ என்ற அமைப்புகள் மூன்றையும் எல்லா முனையிலும் அணைத்துவிட்டு, போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாருங்கள். 1,514 பைட்டுக்கு (1,500உம் 14 பைட் ஈதர்நெட் தலைப்பும்) மேல் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கோ அணைக்க மறந்திருக்கிறீர்கள்.

5 ஜூன், இரவு 9:20

கதை இதுதான். சில வருடம் முன்பு நாங்கள் நாலு பேர் பால் கொள்முதலுக்கு ஒரு ஆப் செய்தோம். காலை ஐந்தரைக்கு சொசைட்டியில் ஆட்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். பாலை அளந்து, மெஷினில் கொழுப்புச் சத்து பார்த்து, செயலாளர் போனில் லிட்டரையும் சத்தையும் பதிந்து அனுப்புவார். பட்டுவாடா நாளில் அந்தப் பதிவை வைத்துத்தான் பணம் கணக்கிடப்படும்.

ஆபீஸில் நான்தான் டெஸ்ட் செய்தேன். 300 மில்லி செகண்ட் தாமதம், 3 சதவீத இழப்பு, எல்லாம் பச்சை. நிம்மதியாக அனுப்பிவைத்தேன்.

முதல் பட்டுவாடாவுக்கு நான் நேரில் போயிருந்தேன். ஒரு அம்மா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, என்கிட்ட இருக்கிறது ஒரே மாடு. ஏழு லிட்டருக்கு மேல் ஒரு வேளையும் ஊற்றினதில்லை. இதில் பதினாலு போட்டிருக்கு, யாரோ ஒருத்தர் பாலை என் பேரில் ஏற்றிட்டீங்களா?" என்றார். கூடுதல் பணம் வந்தது என்று அவர் சும்மா போயிருக்கலாம். வேறு யாருக்கோ குறைந்திருக்குமே என்று கேட்க வந்தார். யாருக்கும் குறையவில்லை, அவருடைய ஏழு லிட்டர்தான் இரண்டு முறை விழுந்திருந்தது. அன்றைக்குப் பார்த்தபோது இன்னும் பலருக்கும் அப்படி இருந்தது, அவர்கள் சொல்லவில்லை, அல்லது கவனிக்கவில்லை.

நடந்தது என்னவென்றால், தகரக் கொட்டகைக்குள் சிக்னல் வந்து வந்து போகும். போன் அனுப்பிய பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்வர் எழுதிக்கொண்டு "சரி" என்று பதில் அனுப்பியது. அந்தப் பதில் போனுக்கு வரவில்லை. போன் பத்து விநாடி பார்த்துவிட்டு "தோல்வி, மீண்டும் அனுப்பவும்" என்று காட்டியது. வரிசையில் ஆள் நிற்கும்போது செயலாளர் வேறென்ன செய்வார், மீண்டும் அழுத்தினார். தப்பு அவருடையது இல்லை, என் டெஸ்டுடையது. இழப்பை இரண்டு பக்கமும் சமமாகத் தூவியிருந்தேன். டிசிபி அதையெல்லாம் பொறுமையாகச் சரிசெய்துவிட்டது. கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைவது என்ற ஒரு நிலையை நான் ஒரு முறைகூட உருவாக்கிப் பார்க்கவில்லை.

போன்கள் பாதியில் கைவிடுகின்றன என்ற தடயம் என்ஜின்எக்ஸ் (எங்கள் வெப் சர்வர்) லாகில் முதல் நாளிலிருந்தே இருந்தது. 499 என்று வரிவரியாக. பதில் கொடுப்பதற்குள் கிளையன்ட் இணைப்பை விட்டுப் போய்விட்டால் என்ஜின்எக்ஸ் போடும் எண் அது. நாங்கள் சர்வர் பக்கப் பிழைகளான 500, 502, 504 மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கேள்வி கேட்டவருக்கு: இரண்டு முறை விழுவது உங்களுக்கும் அநேகமாக இதேதான். தாமதத்தையும் சதவீதத்தையும் ஏற்றி இறக்குவதை நிறுத்திவிட்டு, சர்வரிலிருந்து வரும் திசையை மட்டும் 100 சதவீதம் தொலைத்துப் பாருங்கள்.

6 ஜூன், காலை 7:15

நேற்று எழுதிய கடைசி வரியை அப்படியே செய்தால் டெஸ்ட் எப்போதும் பாஸாகும், தப்பான காரணத்துக்காக. வரும் திசை முழுதும் அடைபட்டிருந்தால் டிசிபியின் முதல் கைகுலுக்கலே (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட் பரிமாற்றம்) முடியாது. சர்வரின் ஒப்புதல் பாக்கெட்டும் அதே திசையில்தான் வர வேண்டும். இணைப்பே உருவாகாது, கோரிக்கை போகாது, சர்வர் எதையும் எழுதாது, இரட்டைப் பதிவும் இல்லை. நானும் முதலில் இப்படித்தான் செய்து "சரியாகிவிட்டது" என்று அறிவித்தேன்.

இணைப்பு முதலில் திறந்திருக்க வேண்டும். ஒரு சாதாரணக் கோரிக்கை அனுப்பி இணைப்பை உயிரோடு வைத்துக்கொண்டு, அதன் பிறகு ரவுட்டரில் வரும் திசையை அடைத்து, அதே இணைப்பில் இரண்டாவது கோரிக்கை அனுப்ப வேண்டும். அது சர்வருக்குப் போகும், பதில் திரும்பாது. ஒப்புதல் கிடைக்காமல் போன் அதே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பும், சர்வரின் டிசிபி அதை ஏற்கனவே பார்த்ததென்று தள்ளிவிடும், அதனால் பாதகமில்லை. பதிவு சர்வரில் இருக்கிறதா என்று டேட்டாபேஸில் நேரடியாகப் பார்த்துவிட்டு, அடைப்பை எடுத்து, ஆப் மறுபடி அனுப்புவதைப் பார்க்க வேண்டும்.

இதைவிடச் சுலபம் டாக்சிப்ராக்சி. ஷாப்பிஃபை வெளியிட்ட திறந்த மூல ப்ராக்சி (கிளையன்டுக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள்), டெஸ்ட் கோடிலிருந்தே அதை இயக்கலாம். கிளையன்ட் ப்ராக்சியோடு கைகுலுக்கும், ப்ராக்சி சர்வரோடு தனியாகக் கைகுலுக்கும், வரும் திசையில் மட்டும் டைம்அவுட் என்ற நஞ்சைப் (வேண்டுமென்றே வைக்கும் கோளாறுக்கு அதில் இதுதான் பெயர்) போட்டால் கோரிக்கை போகும், பதில் நிற்கும். அந்த டைம்அவுட்டுக்கு 0 கொடுத்தால் இணைப்பை மூடவும் மூடாது, அப்படியே தொங்கும். ஆனால் அது டிசிபி மட்டத்தில் வேலை செய்கிறது, பாக்கெட் அளவில் இழப்பை அதனால் காட்ட முடியாது. எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது: ஆப்பின் தர்க்கத்துக்கு டாக்சிப்ராக்சி, டைமர்களுக்கும் வேகத்துக்கும் நெட்எம்.

7 ஜூன், இரவு 10:50

"தொங்குகிறது" என்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எனக்கு இதுதான் இழப்பைவிட முக்கியமாகப் படுகிறது.

எதிர்முனை மறுத்தால் உடனே பிழை வரும், ஆப் அதைக் கையாளும். எதிர்முனை மௌனமாகிவிட்டால் ஒன்றும் வராது. லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ரிஜெக்ட் (மறுப்பது) போட்டும் ட்ராப் (மௌனமாகக் கைவிடுவது) போட்டும் ஒரே டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். முதலாவது மில்லி செகண்டில் முடியும். இரண்டாவதில் லினக்ஸ் இயல்பு அமைப்பில் புது இணைப்புக்கான முயற்சி மட்டும் 2 நிமிடத்துக்கு மேல் இழுக்கும். ஏற்கனவே திறந்த இணைப்பில் அனுப்பிய தரவுக்கு ஒப்புதல் வரவில்லை என்றால் இன்னும் மோசம், 15 முறை இடைவெளியை இரட்டித்து இரட்டித்து அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதைவிட மோசம், அனுப்ப ஒன்றும் இல்லாமல் பதிலுக்காகக் காத்திருக்கும் இணைப்பு. கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்பது) போடாவிட்டால் அது நிரந்தரமாகக் காத்திருக்கும். போட்டாலும் இயல்பு மதிப்பு 7,200 விநாடி, இரண்டு மணி நேரம். பால் வரிசையில் இரண்டு மணி நேரம் யார் நிற்பார்கள்?

அதனால் ஆப் தன் டைம்அவுட்டைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பலரும் பயன்படுத்தும் ஓகே-எச்டிடிபி என்ற நூலகத்தில் படிக்கும் டைம்அவுட் இயல்பாக 10 விநாடி, ஆனால் அது ஒரு பைட்டுக்கும் அடுத்த பைட்டுக்கும் இடையே உள்ள காத்திருப்புக்கு. முழுக் கோரிக்கைக்கும் சேர்த்தது இல்லை. 9 விநாடிக்கு ஒரு துளியாகப் பதில் சொட்டினால் அந்த டைம்அவுட் எழவே எழாது. முழுக் கோரிக்கைக்கான டைம்அவுட் தனியாக இருக்கிறது, இயல்பில் அது 0, அதாவது வரம்பே இல்லை. டாக்சிப்ராக்சியில் பதிலைத் துண்டாக்கும் நஞ்சைப் போட்டு இதைப் பார்த்துவிடலாம்.

8 ஜூன், மதியம் 12:30

ஒருவர் குரோம் டெவலப்பர் கருவியில் "ஸ்லோ" வைத்தால் போதாதா என்கிறார். பக்கம் மெதுவாக ஏறும்போது கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போதும். அந்தத் தாமதம் பிரவுசருக்குள் கோரிக்கை மட்டத்தில் சேர்க்கப்படுவது, கீழே டிசிபிக்கு ஒன்றும் தெரியாது. மறுஅனுப்பல் நடக்காது, கைகுலுக்கல் தொலையாது. ஐஃபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் நல்ல கருவி, 100 சதவீத இழப்பு, தாமதமான டிஎன்எஸ் (சர்வர் பெயரை முகவரியாக்கும் சேவை) எல்லாம் தயார் அமைப்பாகவே வருகின்றன. விண்டோஸில் க்ளம்சி என்ற கருவி.

8 ஜூன், இரவு 11:10

ஜிட்டர் (தாமதம் ஏறி இறங்குவது) பற்றி. 100 மில்லி செகண்ட், கூட்டியும் குறைத்தும் 50 என்று வைத்தவர்கள் கவனியுங்கள்: நெட்எம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாகச் சீட்டு எடுக்கிறது, முன்னால் வந்தது 140 வாங்கி, பின்னால் வந்தது 60 வாங்கினால் பின்னது முன்னே போய்விடும். நீங்கள் ஜிட்டர் கேட்டீர்கள், வரிசை மாற்றமும் சேர்ந்து கிடைத்தது. டிசிபி அதை இழப்பு என்று நினைத்து வேகத்தைக் குறைக்கலாம். நிஜ வழியில் பாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன, ஒன்று தாமதமானால் பின்னால் இருப்பவை எல்லாம் தாமதமாகும், முந்திப் போகாது. வரிசை மாறக் கூடாதென்றால் நெட்எம்மிலேயே வேக வரம்பும் (ரேட்) சேர்த்து வைக்க வேண்டும்.

அப்புறம் நெட்எம்மின் லிமிட், அதன் வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கலாம் என்பது. யாரும் தொடாத எண் அது, இயல்பில் 1,000 பாக்கெட். 100 மெகாபிட் வேகம், 200 மில்லி செகண்ட் தாமதம் என்றால் எந்த நேரத்திலும் வழியில் 25 லட்சம் பைட், அதாவது 1,660க்கும் மேற்பட்ட பாக்கெட் இருக்க வேண்டும். 1,000தான் இடம். மீதி கேட்காமலே கொட்டப்படும். இழப்பு 0 என்று வைத்திருக்கிறேனே, வேகம் ஏன் ஏறவில்லை என்று நான் இரண்டு நாள் தேடியது இதைத்தான். டிசியிடம் புள்ளிவிவரம் கேட்டால் கைவிட்ட பாக்கெட் எண்ணிக்கையைக் காட்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைப் பாருங்கள்.

அதே 1,000 எதிர்மாறாகவும் கடிக்கும். வேகத்தை 1 மெகாபிட்டாகக் குறைத்து லிமிட்டை அப்படியே விட்டால், வரிசை நிறையும்போது அதில் 1.2 கோடி பிட் இருக்கும், அது வடிய 12 விநாடி. பின்னணியில் ஒரு படம் ஏறிக்கொண்டிருந்தால் முன்னணியில் அனுப்பும் சின்னக் கோரிக்கை 12 விநாடி காத்திருக்கும். சரி, நிஜத்திலும் இப்படி நடக்கிறதே, பஃபர்ப்ளோட் என்று பெயரே இருக்கிறது. ஆனால் அது நீங்கள் தெரிந்து வைத்ததாக இருக்க வேண்டும்.

9 ஜூன், காலை 8:00

இழப்பு வேகத்தை எவ்வளவு தின்னும் என்று கேட்டவருக்கு: 1997இல் மேத்திஸும் உடன் எழுதியவர்களும் தந்த சூத்திரம் போதும். பாக்கெட் அளவை போய்வரும் நேரத்தால் வகுத்து, இழப்பின் வர்க்கமூலத்தால் மறுபடி வகுத்து, 1.22ஆல் பெருக்குங்கள். 1,460 பைட், 100 மில்லி செகண்ட், 1 சதவீதம்: ஒரு இணைப்புக்கு ஏறத்தாழ 1.4 மெகாபிட். லைன் ஒரு கிகாபிட்டாக இருந்தாலும் இதுதான். இழப்பு நூறில் ஒரு பங்காக, 0.01 சதவீதமாகக் குறைந்தால் 14 மெகாபிட். இது டிசிபி தன் வேகத்தை முடிவு செய்யும் பழைய ரீனோ முறைக்குப் பொருந்தும் கணக்கு. கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற முறை இழப்பைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதில்லை, அங்கே இது செல்லாது. சர்வரில் எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அதே முறையில் டெஸ்ட் செய்யுங்கள்.

11 ஜூன், இரவு 9:45

இழப்பு கொத்தாக வரும், தனித்தனியாகத் தூவினால் நிஜம் ஆகாது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆமாம். இதற்கு கில்பர்ட் 1960இலேயே ஒரு கணித மாதிரி தந்தார், எலியட் 1963இல் விரித்தார்: நல்ல நிலை, கெட்ட நிலை, இரண்டுக்கும் இடையே தாவும் வாய்ப்பு. நெட்எம்மில் அது ஜிஇ-மாடல் என்று இருக்கிறது. நல்லதிலிருந்து கெட்டதுக்கு 0.1 சதவீதம், கெட்டதிலிருந்து நல்லதுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் மொத்த இழப்பு அதே 1 சதவீதம்தான், ஆனால் சராசரியாகப் பத்துப் பத்தாகத் தொலையும். நெட்எம்மின் பழைய தொடர்புச் சதவீத (ஒரு இழப்பு அடுத்ததை எவ்வளவு பாதிக்கும் என்பது) வழியைப் பயன்படுத்தாதீர்கள், அது சரியாக நடந்துகொள்வதில்லை என்று கைவிடச் சொல்லி ஆவணத்திலேயே இருக்கிறது.

12 ஜூன், காலை 6:40

இரவு எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்த ஜிஇ-மாடல் நிலை தாவுவது நேரத்தைப் பார்த்து இல்லை, பாக்கெட்டை எண்ணி. வீடியோ ஓடும் இணைப்பில் பத்து பாக்கெட் என்பது கண் சிமிட்டும் நேரம். எங்கள் பால் ஆப் போல எப்போதாவது ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பும் ஆப்பில் கெட்ட நிலை வந்தால், அதிலிருந்து வெளியே வர சராசரியாகப் பத்து பாக்கெட் தொலைய வேண்டும். டிசிபியோ ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து ஒரே ஒரு பாக்கெட்தான் அனுப்பும். 200 மில்லி செகண்டில் தொடங்கினால் பத்து முறை தொலைய 204 விநாடி. மூன்று நிமிடத்துக்கு மேல்! கொட்டகையில் சிக்னல் அரை நிமிடத்தில் திரும்பிவிடும்.

இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 4ஜியில் காற்றில் தொலையும் துண்டை டவரும் போனும் தங்களுக்குள்ளேயே சில மில்லி செகண்டில் மறுபடி அனுப்பிக்கொள்கின்றன. நம் ஐபி பாக்கெட் தொலைவதில்லை, நிற்கிறது, பிறகு மொத்தமாகக் கொட்டுகிறது. அதனால் மொபைலைப் போலச் செய்ய வேண்டுமானால் இழப்புச் சதவீதம் இரண்டாம்பட்சம். தேங்கல்களும் முழு மௌனமும்தான் முதலில்.

இப்போது நான் செய்வது ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்: 40 விநாடி நல்லது, 15 விநாடி முழு அடைப்பு, 20 விநாடி 800 மில்லி செகண்ட், மறுபடி. நெட்எம்மை நீக்கிச் சேர்க்காமல் மாற்று என்ற கட்டளையில் மாற்றுகிறேன், நீக்கினால் வரிசையில் நிற்கும் பாக்கெட்டும் சேர்ந்து போய்விடும். அந்த நேரங்களை நான் கற்பனை செய்யவில்லை. கொட்டகையில் ஒரு காலை முழுவதும் போனில் விநாடிக்கு ஒரு பிங் ஓட்டிப் பதிந்த கோப்பிலிருந்து எடுத்தவை. உங்கள் ஆப் ஓடும் இடத்துக்குப் போய் உங்கள் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், என் எண்கள் உங்களுக்கு உதவாது.

12 ஜூன், காலை 11:20

வரலாறு கேட்ட தம்பிக்கு: நெட்எம்முக்கு முன்னோடிகள் உண்டு. பீசா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ரிட்சோ 1997இல் டம்மிநெட் எழுதினார், ஃப்ரீபிஎஸ்டியில் அது இன்றும் இருக்கிறது. மேக்கில் டிஎன்கண்ட்ரோல் கட்டளை கொடுக்கும்போது நீங்கள் அதன் வம்சத்தைத்தான் தொடுகிறீர்கள். லினக்ஸ் பக்கம் நிஸ்ட்நெட் இருந்தது, பிறகு ஸ்டீபன் ஹெமிங்கர் நெட்எம்மைக் கர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தார், 2005இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். டிசிபி புது முறைகளை ஒரு மேசைமேல் சோதிக்கச் செய்த கருவிகள் இவை. பால் கணக்குக்கு உதவும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

15 ஜூன், மாலை 4:00

எச்சரிக்கை. தூரத்து சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், அதே இன்டர்ஃபேசில் 100 சதவீத இழப்பு வைக்காதீர்கள். வைத்த விநாடியே நீங்களும் வெளியே. வைக்கத்தான் வேண்டும் என்றால், 120 விநாடி கழித்து நெட்எம்மை நீக்கும் கட்டளையை முதலில் பின்னணியில் ஓடவிட்டு, அதன் பிறகு வையுங்கள். நேம்ஸ்பேஸில் வைத்தால் இந்தப் பயமே இல்லை.

19 ஜூன், இரவு 8:30

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார், சந்தோஷம். நேம்ஸ்பேஸுக்கு மாற்றியதும் மூன்று டெஸ்ட் விழுந்ததாம். ஒன்று இரட்டைப் பதிவு, எதிர்பார்த்ததுதான். இன்னொன்று சரியாக 5 விநாடி தொங்குகிறது, 5க்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிறார். அது டிஎன்எஸ். பெயர் கேட்கும் பாக்கெட் யுடிபியில் போகிறது, தொலைந்தால் டிசிபி மாதிரி உடனே மறுபடி அனுப்ப ஆள் இல்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 5 விநாடி காத்திருந்து மறுபடி கேட்கும், அதுதான் இயல்பு மதிப்பு. எங்காவது 5 என்ற முழு எண்ணைப் பார்த்தால் முதலில் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். ரிசால்வ்-கான்ஃப் கோப்பில் டைம்அவுட்டை 1 ஆக்கிப் பாருங்கள், தொங்கலும் 1 விநாடி ஆனால் உறுதி.

மூன்றாவது, சின்னக் கோரிக்கை போகிறது, படம் போக மாட்டேன் என்கிறது என்றீர்கள். இழப்பு 0 வைத்தும் அப்படியா? அப்படியென்றால் எம்டியு. வழியில் எங்கோ 1,500 போகாது, "பெரிதாக இருக்கிறது" என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை யாரோ தடுக்கிறார்கள். உங்கள் ரவுட்டர் நேம்ஸ்பேஸில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

20 ஜூன், காலை 9:10

அடைத்திருந்தாராம். சரி.

2 ஜூலை, இரவு 10:15

இரட்டைப் பதிவை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி, கோரிக்கையோடு அனுப்பி, டேட்டாபேஸில் அந்த எண்ணுக்குத் தனித்துவக் கட்டுப்பாடு வைத்தோம். இரண்டாம் முறை அதே எண் வந்தால் புதிதாக எழுதாமல் முதல் முறை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும்.

அதைப் போட்ட பிறகும் ஒரு வாரம் இரட்டைப் பதிவு வந்தது. எண்ணை "அனுப்பு" பட்டனை அழுத்தும்போது உருவாக்கியிருந்தோம். செயலாளர் இரண்டாம் முறை அழுத்தினால் இரண்டாவது எண். ஆபீஸில் தானாக மறுபடி அனுப்பும் பாதையைத்தான் டெஸ்ட் செய்திருந்தோம், கையால் அழுத்தும் பாதையைச் செய்யவில்லை. லிட்டர் பதியும் திரை திறக்கும்போதே எண்ணை உருவாக்கி போனில் சேமித்த பிறகுதான் நின்றது. ஆப்பை மூடித் திறந்தாலும் அதே எண் இருக்க வேண்டும், அதையும் அடைப்பு ஓடும் நேரத்தில் ஆப்பைக் கொன்று பார்த்தோம்.

3 ஜூலை, காலை 6:05

அந்த அம்மாவின் ரசீது என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த பட்டுவாடாவில் கழித்துக்கொள்ளச் சொல்லி அவரே செயலாளரிடம் எழுதிக் கொடுத்தார். அந்த ஏழு லிட்டர் பதிவு இன்றும் எங்கள் டெஸ்ட் தொகுப்பில் முதல் டெஸ்டாக இருக்கிறது: ஏழு லிட்டர் அனுப்பு, பதிலை அடை, பட்டனை மூன்று முறை அழுத்து, அடைப்பை எடு, கணக்கில் ஏழு இருக்க வேண்டும்.